ஒரு நாள் ஓட்டமும் தினசரி நடையும்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 உடற்பயிற்சி பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினோம். நாங்கள் டாக்டர்கள் அல்ல. தேக்கா பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். படித்தது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் பட்டயம். குழாய், பம்பு, அவற்றில் ஓடும் திரவம் இவற்றைப் பற்றி மூன்றாண்டு படித்துவிட்டு அத்தாவின் கடைக்கே வந்து சேர்ந்தோம். அந்தப் படிப்பு கடைக்கு உதவியதோ இல்லையோ, போன வருடம் நடந்த ஒரு சம்பவத்தைப் புரிந்துகொள்ள உதவியது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டோம்.

அந்தச் சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். இளைஞர் பிரிவில் நாங்கள் பத்துப் பேர் சனிக்கிழமை இரவு இஷா முடிந்து ஃபுட்சால் ஆடப் போவோம். வாரத்துக்கு ஆறு நாள் கல்லாவில் உட்காருவது, ஏழாவது நாள் இரவு ஒரு மணி நேரம் உயிரை விட்டு ஓடுவது. இதுதான் எங்கள் உடற்பயிற்சி. அன்று எங்களில் ஒருவர், வயது 36, கடையடைத்து நேரே ஆட வந்தார். காலையிலிருந்து நான்கு தே தாரிக் குடித்திருந்தார்; தண்ணீர் குடித்த நினைவு அவருக்கில்லை. உடலைச் சூடேற்றும் பயிற்சி எதுவும் செய்யாமல் களத்தில் இறங்கி ஓட ஆரம்பித்தார். இருபதாவது நிமிடம் பந்து அவரைத் தாண்டிப் போனது. அவர் திரும்பவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார்.

தேசிய சேவையில் முதலுதவி கற்ற ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். இன்னொருவர் 995க்கு அழைத்தார். மூன்றாமவர் ஓடிப் போய் ஏ.இ.டி. கருவியை எடுத்து வந்தார். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சகோதரர் பிழைத்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்ல வேண்டாம், கதையைச் சொல்லுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்தார். இப்போது இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மருத்துவமனை வராந்தாவில் அவருடைய அத்தா எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “உடம்புக்கு நல்லதுன்னுதானப்பா விளையாடப் போனீங்க? அது எப்படி இப்படி ஆச்சு?” எங்களிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் பழைய பாடப் புத்தகங்களையும் பிறகு மருத்துவக் கட்டுரைகளையும் படித்தோம், டாக்டர்களிடமும் கேட்டோம். தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

குழாயிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் புவாசுய் என்றொரு மருத்துவர் இருந்தார். ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஆசைப்பட்டு, மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டு அளந்தார். அவர் கண்ட விதியைத்தான் இன்றும் இயந்திரவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். குழாயின் ஆரம் பாதியானால், மற்றவை மாறாதபோது, அதில் ஓடும் அளவு பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடுத்தது, திரவம் எவ்வளவு கெட்டியோ அந்த அளவுக்கு ஓட்டம் குறையும். தண்ணீர் ஓடுகிற குழாயில் பாகை ஓடவிட்டால் பம்பு திணறும். இந்தக் கெட்டித் தன்மையைப் பாகுத்தன்மை என்பார்கள்.

நம் உடம்பிலும் குழாய் உண்டு, பம்பு உண்டு, பாகுத்தன்மை உண்டு. வளர்ந்த ஒருவருக்கு ரத்தம் சுமார் ஐந்து லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இறைக்கிறது. அதாவது உடம்பிலுள்ள ரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. மூச்சிரைக்க ஓடும்போது இதைப் போல மூன்று நான்கு மடங்கு இறைக்க வேண்டியிருக்கிறது.

குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொலஸ்ட்ரால், கொழுப்பு என்று நிறையக் கேட்டிருக்கிறோம். குழாயில் ஓடுகிற ரத்தத்தின் தன்மையைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. ரத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மா என்ற மஞ்சள் நிற நீர். மீதி பெரும்பாலும் சிவப்பணுக்கள். ஒரு சிறு துளியில் கோடிக்கணக்கில் இருக்கும். சிவப்பணு ஒவ்வொன்றும் நடுவில் குழிந்த வட்டத் தட்டு. நம் கடைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு காசு மாதிரி. இந்த அணுக்களால்தான் ரத்தம் தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கெட்டியாக இருக்கிறது. பிளாஸ்மா மட்டும் என்றால் தண்ணீரைப் போல இரண்டு மடங்குகூட வராது.

இரவு கடையடைக்கும்போது காசை எண்ணி அடுக்கி வைப்போமே, ரத்தம் மெதுவாக ஓடும்போது சிவப்பணுக்களும் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகிவிடுகின்றன. பிளாஸ்மாவில் உள்ள ஃபைப்ரினோஜென் என்ற புரதம் அவற்றை ஒட்ட வைக்கிறது. அடுக்கானால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். ஓட்டம் வேகம் பிடித்தால் அடுக்கு கலைந்து தனித்தனிக் காசாகும், ரத்தமும் இளகும். சாப்பாட்டுக் கடை மேசையில் தக்காளிச் சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். சும்மா பிடித்தால் இறங்காது. நன்றாகக் குலுக்கினால் தட்டு நிறைய ஊற்றிவிடும். ரத்தமும் அந்தச் சாதிதான். அசைவில் இளகும், தேக்கத்தில் கெட்டியாகும்.

இன்னொரு குணமும் உண்டு. மிகச் சிறிய ரத்தக் குழாய்கள் சில, சிவப்பணுவைவிடவும் ஒடுக்கமானவை. அணு தன்னை மடித்து நெளிந்துதான் அதில் நுழைய வேண்டும். அஞ்சடியில் சாமான் நிறைந்து கிடக்கும்போது மூட்டையைச் சுமந்து உடம்பைச் சரித்துப் போவோமே, அதுபோல. அணு விறைப்பாக இருந்தால் வழியில் சிக்கும். சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் இந்த நெளிவு குறைகிறது. புகையும் உடல் பருமனும் ஃபைப்ரினோஜெனையும் கூட்டுகின்றன.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். உடற்பயிற்சி ரத்தத்தை என்ன செய்கிறது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கடுமையாக ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தில் ரத்தம் கெட்டியாகிறது. இது எங்களுக்கே வியப்பாக இருந்தது. வேலை செய்கிற தசைகள் ரத்தக் குழாயிலிருந்து நீரை இழுத்துக்கொள்கின்றன. வியர்வையாகவும் நீர் போகிறது. நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேர ஆட்டத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். கடும் பயிற்சியின்போது பிளாஸ்மா பத்துப் பதினைந்து விழுக்காடு வரை குறையக்கூடும். அதாவது கால் லிட்டருக்கும் மேல். அணுக்கள் அப்படியே இருக்க, நீர் மட்டும் குறைந்தால் என்ன ஆகும்? சால்னாவை அடுப்பில் வைத்து மறந்தால் ஆவதுதான். கூடவே ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் அந்த நேரத்தில் துடிப்பாகின்றன. உடம்பு பழகியிருந்தால் இதையெல்லாம் சமாளித்துவிடும். பழகாத உடம்பு, ஏற்கெனவே தண்ணீர் காணாத உடம்பு, தெரியாமல் உள்ளே படிந்த கொழுப்பு, இவை மூன்றும் ஒரே இரவில் சேரும்போதுதான் ஆபத்து.

அந்தச் சகோதரர் விஷயத்தில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: குழாயில் படிவு பல வருடமாக இருந்திருக்கிறது, ஆட்டம் அதை வெளியே காட்டியது. ஆகவே ரத்தம் கெட்டியானதுதான் ஒரே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பம்புக்குத் திடீரென்று அதிகப்படியான பளு ஏறியது, அந்த நேரம் பார்த்து பாகும் கெட்டியாக இருந்தது என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த இரண்டு நாளில் நடப்பது வேறு. பயிற்சி முடிந்ததும் உடம்பு இழந்த நீரை மீட்கிறது. மீட்பதோடு நிற்காமல் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து வைக்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் கூடி நீரை உள்ளே இழுக்கிறது. வியாபாரத்தில் ஒருமுறை சரக்குத் தட்டுப்பாடு வந்தால் அடுத்த முறை கூடுதலாக வாங்கி வைப்பதில்லையா? அதே கணக்குதான். பயிற்சியை நாள்தோறும் செய்தால், சில வாரங்களில் பிளாஸ்மா பத்து விழுக்காடு அளவுக்குக்கூடக் கூடுகிறது. சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் இளகி ஓடத் தொடங்குகிறது.

மாதங்கள் போனால் இன்னும் சில மாற்றங்கள் வருகின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களின் ரத்தத்தில் இளைய அணுக்கள் கூடுதலாக இருப்பதாகவும், அவை நன்றாக நெளிவதாகவும் கண்டிருக்கிறார்கள். ஃபைப்ரினோஜெனும் பலருக்குக் குறைகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. குழாயின் சுவரும் மாறுகிறது. ரத்தம் வேகமாக உராய்ந்து ஓடும்போது உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. புவாசுய் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். குழாய் சற்றே விரிந்தாலும் ஓட்டம் பெரிதாகக் கூடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நாள் ஓட்டம் ரத்தத்தைக் கெட்டியாக்கும். தினசரி நடை அதை இளக்கும். அத்தாவின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். நல்லதைத்தான் செய்யப் போனோம். செய்த முறை தவறு.

1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. கடும் உழைப்புக்குப் பின்வரும் ஒரு மணி நேரத்தில், பயிற்சி வழக்கமே இல்லாதவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வாரம் ஐந்து நாளாவது பயிற்சி செய்பவர்களுக்கு அந்த உயர்வு இரண்டரை மடங்குக்குள் நின்றது. பயப்பட வேண்டாம், அந்த ஒரு மணி நேர வாய்ப்பே மிகமிகச் சிறியது, அதன் மடங்குதான் இது. ஆனால் ஐபிபிடி கெடு முடிவதற்கு முந்திய வாரம் மட்டும் காலணியைத் தேடி எடுத்து 2.4 கிலோமீட்டர் ஓடும் தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைக்க வேண்டும்.

இன்னோர் ஆய்வு நம் தொழிலுக்கு மிகப் பொருத்தம். ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் எழுதினார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கிறார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தவர்களிலும் இறந்தவர்கள் குறைவு. ஓட்டுநர்கள் ஆரம்பத்திலிருந்தே சற்றுப் பருமனானவர்கள் என்பதும் பிறகு தெரிந்தது. அதைக் கணக்கில் எடுத்த பிறகும், உட்கார்ந்த வேலைக்கும் நெஞ்சு நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

நம் கடைகளை எண்ணிப் பாருங்கள். இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் மூட்டை சுமந்தார்கள், கிடங்குக்கும் கடைக்கும் நடந்தார்கள், பள்ளிவாசலுக்கும் நடந்தே போனார்கள். அவர்கள் ஃபுட்சால் ஆடியதில்லை. அவர்கள் நடத்துநர்கள். முதலாளியாகிக் கல்லாவில் அமர்ந்த பிறகு நாம் ஓட்டுநர்கள் ஆகிவிட்டோம். சாமானை லாரி இறக்குகிறது, மாடிக்கு மின்தூக்கி ஏற்றுகிறது, ஜும்ஆவுக்குக் கார் போகிறது.

ஆகவே சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அளவு. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது, அந்த வேகத்தில் நடந்தால் போதும். நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். ஆடுபவர்கள் ஆடுங்கள், மற்ற நாளில் நடந்துவிட்டு ஆடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். இரவு முழுக்கத் தண்ணீர் இல்லாததால் விடியற்காலையில் ரத்தம் சற்றுக் கெட்டியாக இருக்கும். மாரடைப்பு காலை நேரத்தில் அதிகம் வருவதும் தெரிந்த விஷயம். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எழுந்ததும் தண்ணீர் குடியுங்கள், மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது, ரமலான். நோன்பு இங்கே பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. அஸருக்குப் பிறகு வியர்க்க வியர்க்க ஓடுவது அன்றைய நாளின் மிகக் கெட்டியான ரத்தத்தோடு ஓடுவது. நோன்பு திறந்து, தண்ணீர் உள்ளே போன பிறகு நடங்கள். பள்ளிவாசலுக்கு நடந்து போய்த் தராவீஹ் தொழுது நடந்தே திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது.

நான்காவது, உம்ரா, ஹஜ். எட்டு ஒன்பது மணி நேர விமானப் பயணத்தில் காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்கும். அந்தத் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் இரண்டாவது பம்பு. அடிக்கடி எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். அங்கே போனால் ஸஃயி மட்டும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பல வருடம் காத்திருந்து அம்மாவையும் அத்தாவையும் அனுப்புகிறோம். பணத்தையும் பெட்டியையும் தயார் செய்கிற நாம், அவர்கள் காலையும் நெஞ்சையும் மூன்று மாதத்துக்கு முன்பே தயார் செய்ய வேண்டாமா?

ஐந்தாவது, மாத்திரை. ரத்தம் இளக்கும் மாத்திரை என்று நாம் சொல்வது உண்மையில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. நடைப்பயிற்சி வேறு, அது வேறு. நடக்கிறோமே என்று எவரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் உட்கார்ந்திருந்தவர்களும், நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப டாக்டரிடமோ பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தி 995ஐ அழையுங்கள். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வேலையே போதாதா என்று கேட்பீர்கள். வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டே செய்கிற வேலையில் மூச்சு வேகம் பிடிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சமைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் உட்காருபவர் அம்மாதான். அந்த அரை மணி நேரத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுப்பது பிள்ளைகளாகிய எங்கள் கடமை என்பதை நாங்களே தாமதமாகத்தான் உணர்ந்தோம்.

கடைசியாக, எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சகோதரர் வீடு திரும்பியதும், மருத்துவமனையில் சொல்லித் தந்தபடி முதல் வாரம் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் நடந்தார். துணைக்கு ஆள் வேண்டுமே என்று இருவர் போனோம். பிறகு நால்வர். இப்போது ஞாயிறு தோறும் ஃபஜ்ர் முடிந்து காலாங் ஆற்றோரமாக நடக்கிறோம்; மற்ற நாளில் அவரவர் வட்டாரத்தில் நடக்கிறோம். சனிக்கிழமை ஃபுட்சாலும் நிற்கவில்லை. முதல் பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சி, அதன் பிறகே பந்து. ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆடுகிறோம். தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவரும் பொறுப்பை அந்தச் சகோதரரே ஏற்றிருக்கிறார். குடிக்காதவரைக் களத்தில் விடமாட்டார்.

அவருடைய அத்தாவும் இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருகிறார். 68 வயது. முதல் நாள் அடுத்த புளோக் வரை வந்து உட்கார்ந்துவிட்டார். போன மாதம் எங்களைவிட முன்னால் நடந்து, பாலத்தருகில் நின்று “என்னப்பா, இளைஞர் பிரிவு எங்கே?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு உங்களையும் எதிர்பார்க்கிறோம். ஃபஜ்ர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் கூடுவோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நல்ல காலணி போதும், தண்ணீர் எங்களிடம் உண்டு.